மூன்றாவது பிஸ்டன்

காசிம் நானா கையிலிருந்த பிளேன்டீ கிளாசைக் காரின் முன்தட்டில் வைத்தார். அந்தக் காலத்து ஏ-ஃபோர்ட்டி கார்களில் ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் சில்லறைச் சாமான் வைப்பதற்கு நீளத்துக்கு ஒரு தட்டு இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து சீற்றில் இருந்தேன்.

“இப்ப பாருங்கோ, பாஸ்” என்று சொல்லிவிட்டு அக்ஸிலேற்றரை மெல்ல மிதித்தார்.

முதலில் தேநீரில் வட்டம் வட்டமாக எழுந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தார். கதவுக் கண்ணாடிகள் நாலும் கடகடத்தன. கிளாஸ் இருந்த இடத்தை விட்டு மெல்ல மெல்ல என் பக்கமாக நகர்ந்து வந்து, தட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று, நான் உடுத்திருந்த சாரத்தில் கவிழ்ந்தது. நல்ல கொதி தேத்தண்ணி.

“வண்டியோ இது, தையல் மெஷினோ?” என்றார் நானா.

“ரயர், நானா. ரயர் தேஞ்சு போச்சுது.”

“நிக்கிற வண்டியில ரயர் எப்பிடிப் பாஸ் நடுங்கும்?”

முப்பது வருடம் எஞ்சினுக்குள் கையை விட்டுச் சீவித்தவன் நான், அதனால்தான் ஊருக்கெல்லாம் ‘பாஸ்’. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மெக்கானிக் தேவையில்லை. ஆனாலும் சாரத்தை உதறிக்கொண்டே, ரயரைப் பற்றி இன்னும் ஐந்து நிமிடம் பேசினேன்.

உண்மை என்னவென்றால், கிளாஸ் நகரத் தொடங்கியபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எந்த நட்டைக் கழற்றினால் அந்தக் காரணம் வெளியே வரும் என்பதும் தெரியும். அதைக் கழற்றினால் நான் அவருக்குச் சொன்ன பொய்யும் கூடவே வெளியே வரும். நானாவுக்கு வண்டி வேண்டும். எனக்கு என் மானம் வேண்டும். மன்னார்ப் பள்ளிமுனையில் என் கராஜில் பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த இழுபறிதான்.

துண்டு

காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். (சென்ற கிழமை இந்தப் பத்தியில் உப்பளத்துப் பாதையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு பிழை இருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. எனக்கு இப்போது தெற்கும் வடக்கும் மாறிப்போகிறது.)

நானா சிலாவத்துறைக்காரர். சண்டைக்கு முந்திய காலத்தில் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். கலியாணம், ஆஸ்பத்திரி, சந்தை, எல்லாவற்றுக்கும் அதுதான். கிளச் வேலைக்காக என்னிடம் விட்டிருந்தார். அந்தக் கிழமையில்தான் முஸ்லிம் சனம் எல்லோரையும் இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடும் ஒரு பையோடும் போனார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வசனம் எதுவும் இல்லை.

மீன் லொறிக்காரர் ஒருவர் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். கொப்பித்தாளில் பென்சிலால் எழுதியிருந்தது. ‘பாஸ், வண்டி உங்களிட்ட இருக்கட்டும். நிலைமை சரியானதும் வாறன்.’

நிலைமை சரியாக ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது.

சண்டை முடிந்து, மீள்குடியேற்றம் என்ற சொல் அரசாங்கக் கந்தோர்களில் புழங்கத் தொடங்கியபோது நானா புத்தளத்து முகாமிலிருந்து தனியாக வந்தார். பற்றை மூடிக் கிடந்த காணியைக் கொஞ்சம் வெட்டி, தகரக் கொட்டில் ஒன்று போட்டுவிட்டு, நாலாம் நாள் பள்ளிமுனைக்கு வந்தார். தாடி முழுக்க வெள்ளை. கையில் ஒரு பை பாலைப்பழம்.

கராஜின் பின்பக்கம் கிடுகுக் கூரைக்குக் கீழே நின்ற காரைக் காட்டினேன். மட்காட்டைத் தடவிப் பார்த்தார். விரலில் வந்த தூசியைச் சாரத்தில் துடைத்தார்.

“ஓட்டினீங்களோ, பாஸ்?”

“ஒரு முழம் அசைக்கேல்லை, நானா. விட்ட இடத்திலயே நிண்டது.”

“அப்பிடியோ” என்றார். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நான் நாலைந்து பழம் சேர்த்துத் தின்றேன், மேற்கொண்டு பேச வேண்டி வராமல்.

பிரசங்கம்

ஏன் பொய் சொன்னேன்? பலமுறை யோசித்திருக்கிறேன். போனவர்களின் வீடுகளில் கதவு இல்லை, யன்னல் இல்லை, கூரை இல்லை. ஆர் எடுத்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில், பிறத்தியார் பொருளைத் தொடாத ஒருவனாவது இருந்தான் என்று நானா நினைக்க வேண்டும், அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. சின்ன ஆசைதான்.

ஆனால் பொய் என்னிடமே நிற்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். கடையில் சொன்னது கோயிலுக்குப் போனது. ஒரு ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் எடுத்துவிட்டார். “இருபது வருடம் அயலானின் காரை விரல் நகத்தாலும் தொடாமல் காத்த ஒருவர் இந்தப் பங்கில், இதோ நம் நடுவில் இருக்கிறார்” என்றார். சனம் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்தேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முக்காட்டை மடித்து வைத்தபடியே சொன்னாள். “நல்லாயிருக்கு. மடுவுக்கு நாங்கள் பறந்து போனனாங்கள் போல.”

“வாயை மூடு.”

“நான் மூடுறன். வண்டி மூடுமோ?”

அவள் எப்போதும் இப்படித்தான். ஒரு வசனத்தில் ஆளை இருத்திவிடுவாள்.

பதினொரு பேர்

பள்ளிமுனையை விட்டு நாங்களும் ஓட வேண்டி வந்தது. நானா போய் எவ்வளவு காலம் கழித்து என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மழைக்காலம் என்பது நினைவிருக்கிறது. ஷெல் சத்தம் கிட்டக் கிட்டக் கேட்டது. சைக்கிள் வைத்திருந்தவர்கள் சைக்கிளில் போனார்கள். என்னிடம் சைக்கிள் இல்லை. கிளச் புதிதாகப் போட்ட ஏ-ஃபோர்ட்டி இருந்தது.

பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, நாலு சொட்டை காபரேற்றருக்குள் விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பின்னால் ஒரு புகை வரும் பாருங்கள், தலைவலி வந்துவிடும். அந்தப் புகையோடு, என் பிள்ளைகள் மூன்று, தங்கச்சி குடும்பம், முன்வீட்டு ஆச்சி எல்லாமாகப் பதினொரு பேர் மடுக்கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடையில் நின்றதே இல்லை. நின்றிருந்தால் இந்தத் தொடரும் இல்லை.

மடுவில் மூன்று வருடத்துக்குக் கிட்ட இருந்தோம். கார் சும்மா நிற்கவில்லை. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, காய்ச்சல் என்று ஆரும் வந்து கூப்பிட்டால் போனேன். ஒருநாள் காட்டுப்பாதையில் எஞ்சினுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டன் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

புதுப் பிஸ்டனுக்கு எங்கே போவது? வவுனியாப் பக்கமிருந்து ஒரு கமக்காரர் தன் வயலின் பழுதான தண்ணிப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டில் போட்டிருந்தார். அதன் பிஸ்டனைக் கழற்றினேன். மயிரிழை பெரிது. அரத்தாலும் எமரித் தாளாலும் நாலு நாள் தேய்த்து இறக்கினேன். சுற்றளவு பொருந்தியது. பாரம் பொருந்தவில்லை, மற்ற மூன்றையும்விட அது கனம். அந்த நேரத்தில் பாரத்தை ஆர் பார்த்தது? வண்டி ஓடியது. அன்று நான் பட்ட சந்தோசம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு காரைப் பள்ளிமுனைக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்குள் போனால் இந்தக் கிழமைப் பக்கம் போதாது. கொண்டுவந்து, கழுவி, கிடுகுக்குக் கீழே விட்டேன். அதற்குப் பிறகு அசைக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

காப்பெட் றோட்டு

மடுவில் அந்த நடுக்கம் எனக்குத் தெரியாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. அப்போதைய பாதைகளில் எந்த வண்டியும் நடுங்கும். குண்டும் குழியும், இருபது மைல் வேகம், மண்ணெண்ணெய் எஞ்சினின் இருமல். எது எஞ்சின் நடுக்கம், எது பாதை நடுக்கம் என்று பிரிக்க ஏலாது.

சண்டை முடிந்ததும் சிலாவத்துறைப் பக்கம் காப்பெட் றோட்டுப் போட்டார்கள். பாய் விரித்தது போலப் பாதை. நான் திரும்ப ஓடவிட்டுக் கொடுத்த காரோடு நானா அதில் ஏறி ஒரு மிதி மிதித்தார். வண்டி தன் வருத்தத்தைச் சொல்லிவிட்டது.

அவருக்கு அது விளையாட்டில்லை. அவர் மனைவி சுபைதா ராத்தா புத்தளத்திலேயே இருந்தார். தொழில் ஒன்று சரிவந்தால்தான் வருவேன், தகரத்துக்குக் கீழே பட்டினி கிடக்க வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். தொழில் என்றால் இந்தக் கார்தான். இரண்டு பேர் வாடகைக்கு ஏறிவிட்டு, இடையில் இறங்கி பஸ் எடுத்துப் போய்விட்டார்களாம்.

“கை விறைக்குது, பாஸ். ஏறினவை உயிரோட இறங்கினாப் போதும் எண்டு நேர்த்தி வைக்கினம்” என்றார்.

ஒவ்வொன்றாக

மெக்கானிக் வேலையில் ஒரு முறை உண்டு. நடுக்கம் என்றால் முதலில் வெளியே இருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்த முறையை என் சீவியத்தில் அவ்வளவு பக்தியோடு நான் கடைப்பிடித்ததில்லை. உள்ளே போய்ச் சேரக் கூடாது என்பதுதான் என் நேர்த்தி.

முதல் நாள் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாலில் ஒன்று எரியாமல் இருந்தால், அதன் வயரைக் கழற்றும்போது எஞ்சின் சத்தம் மாறாது. நாலுக்கும் மாறியது. நாலும் ஒழுங்காக எரிந்தன. எனக்குக் கோபம் வந்தது. ஒன்றாவது எரியாமல் இருந்து தொலைந்திருக்கலாம்.

ஃபான் பெல்ற்றைக் கழற்றிவிட்டு ஓடவிட்டேன். ஃபான் தகட்டில் பிழை இருந்தால் நடுக்கம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. நானாவைக் கிளச்சை மிதிக்கச் சொன்னேன். கிளச்சில் பிழை இருந்தால் மிதிக்கும்போது ஏதாவது மாற வேண்டும். மாறவில்லை.

“கொழும்புப் பிளக் சரியில்லை” என்றேன்.

“இப்பத்தானே பாஸ் நாலும் எரியுது எண்டனீங்கள்?”

“எரியுது. ஆனா நல்லா எரியேல்லை.”

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டாம் முறை வந்தபோது எஞ்சின் குந்தியிருக்கும் றபர்களைப் பார்த்தேன். கல்லாகக் காய்ந்திருந்தன. ஐயோ, எவ்வளவு சந்தோசம்! லொறி ரயரை வெட்டிப் புது றபர் செய்து பூட்டினேன். நடுக்கம் குறைந்தது. வெற்றிக் களிப்பில் அவருக்குத் தேத்தண்ணி, வாய்ப்பன் எல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மற்ற நாள் காலை பத்து மணிக்குக் கார் திரும்பவும் கராஜ் வாசலில் நின்றது.

“குறைவுதான், பாஸ். ஆனா இருக்கு.” கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். “உள்ளுக்குத்தான் என்னவோ. எஞ்சினைத் திறவுங்கோ.”

“திறந்தா ரெண்டு நாள் வேலை. நீங்கள் போயிட்டு நாளையிண்டைக்கு வாங்கோ.”

“எனக்கு அங்க என்ன வேலை? இருந்து பாக்கிறன். என்ர வண்டியின்ர உள்பக்கத்தை நான் ஒருநாளும் பாத்ததில்லை.”

வியர்த்தது. மன்னாரில் எல்லோருக்கும்தான் வியர்க்கும், ஆனால் இது வேறு.

தங்கூசி

பின்னேரத்துக்கு முன் நாலு பிஸ்டனும் வெளியே வந்துவிட்டன. கழுவி, சாக்கின் மேல் வரிசையாக வைத்தேன். மூன்று ஒரு நிறம், ஒரு வடிவம். மூன்றாவது மட்டும் வேறு. தலையில் வேறு எழுத்து, உட்பக்கம் தடிப்பு, உடம்பெல்லாம் அரம் கிழித்த கோடு.

நானா அஸர் தொழுதுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து குந்தினார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். மூன்றாவதில் விரல் நின்றது.

“இது?”

ஒரு இரும்புக் கம்பியின் நடுவில் தங்கூசி கட்டி, அதாவது மீன்பிடிக்கிற நைலோன் நூல், கூரை வளையில் தொங்கவிட்டேன். கம்பியின் ஒரு நுனியில் முதலாவது பிஸ்டன், மறு நுனியில் மூன்றாவது. கையை விட்டேன். மூன்றாவது பக்கம் சரேலென்று கீழே போனது.

“இந்தப் பாரம்தான் நடுக்கம்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“முந்தி என்ர வண்டி இப்பிடி நடுங்கினதில்லையே, பாஸ்.”

இங்கே நான் இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார், அல்லது நம்பியதாகக் காட்டியிருப்பார். ஆனால் அலுத்துவிட்டது. பிளக், பெல்ற், கிளச், றபர் என்று மூன்று நாள் ஓடிய ஓட்டத்தில் எனக்கே என்னைச் சகிக்க முடியவில்லை.

“நான்தான் போட்டனான், நானா. மடுவில. தண்ணிப் பம்பின்ர. வண்டி ஓடினது. மூண்டு வருசம் ஓடினது. நான் சொன்னது முழுக்கப் பொய்.”

நானா கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்லச் சுழன்றது.

“அங்க போனது ஆர் ஆர்?”

சொன்னேன். பெயர் சொல்லி, பதினொரு பேரையும். பிறகு மடுவில் ஏறியவர்களையும், நினைவுக்கு வந்த மட்டும். முடித்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்றும் இருந்தது. திட்டத்தான் செய்தார், ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு இல்லை.

“எட பாஸ், உங்களுக்கு மூளை இருக்கோ? பள்ளிமுனைச் சனம் மடுவுக்கு ஓடுது எண்டு கேம்பில றேடியோவில கேட்டம். நான் சுபைதாவிட்டச் சொன்னனான், பயப்பிடாத, பாஸ் எங்கட வண்டியில புள்ளையளை ஏத்திக்கொண்டு போயிருப்பார் எண்டு. அதை நினைச்சு எத்தினை நாள் நிம்மதியா இருந்தனான் தெரியுமே? வந்து கேட்டா, ஒரு முழம் அசைக்கேல்லையாம்! பிறத்தியான்ர சாமானைத்தான் தொடாம வச்சிருக்கிறது. சாகிற நேரத்திலயும் எங்கட வண்டியில ஏற இந்தாளுக்கு மனம் வரேல்லை, நாங்கள் அவ்வளவு தூரத்து ஆக்களோ எண்டு அண்டைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை.”

அந்தக் கார் பதினொரு உயிரைக் காப்பாற்றியது. அது அவர் செய்த உதவி. அதை அவரிடமிருந்து ஒளித்துவிட்டு, தொடாமல் காத்தவன் என்ற பெயரை நான் கோயிலில் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கனத்த பிஸ்டனை உட்பக்கமாக அரத்தால் ராவி ராவி, கம்பி நேராக நிற்கும்வரை பாரம் குறைத்தேன். திரும்பப் பூட்டி ஓடவிட்டபோது கதவுக் கண்ணாடி ஒன்றும் முனகவில்லை. பங்குச் சுவாமியிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலைகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்.

ஆனால் அன்று பின்னேரம், பிஸ்டன் இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தபோதே, நானா இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தார். புத்தளத்துக்கு அழைத்தார்.

“கேட்டியா? எங்கட வண்டி மடுவுக்குப் போயிருக்கு. ஓம், பாஸ்தான் ஓட்டினது. பதினொரு பேர்! நான் அண்டைக்கே சொன்னனே.” காது கேட்காதவரோடு பேசுவது போல் சத்தமாகப் பேசினார். வாயெல்லாம் பல். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார். “உங்களோட கதைக்க வேணுமாம்.”

கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினேன். “ராத்தா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ...” என்று தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“தம்பி, பின் சீற்றில ஆரு இருந்த?”

“புள்ளையள்தான், ராத்தா. சின்னதுகள்.”

“வலது பக்கத்தில ஒரு ஸ்பிரிங் வெளிய வந்து குத்துமே. அதில ஒரு தலகாணி போட்டுத்தான் நாங்க இருக்கிற. அவசரத்தில உங்களுக்குச் சொல்லாமப் போயிட்டம், தம்பி. புள்ளையளுக்கு நொந்திருக்குமே.”